நைனாவை வெளியே வைத்த நாட்கள்

வாடகை வீட்டில் வளர்ந்தவர்கள் உங்களில் எத்தனை பேர், கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பாதிக்கு மேல் இருப்பீர்கள், எனக்குத் தெரியும். சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்டது, ஊரிலிருந்து மாமா வந்தால் எப்போது கிளம்புவார் என்று வீட்டுக்காரருக்குப் பதில் சொன்னது, குழாயடியில் முணுமுணுத்தது, இதையெல்லாம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் குடியிருப்பு மலருக்குப் பெரியவர்கள் பக்கத்தில் ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டீர்கள். எல்லா மதத்தவரும் ஒரே வாசலில் ஒன்றுமண்ணாக இருந்த காலத்தைப் பற்றி எழுதினால் பிள்ளைகளுக்கு நல்லது என்றும் சொன்னீர்கள். சரி, எழுதுகிறேன். ஒன்றுமண்ணாகத்தான் இருந்தோம், அதில் பொய்யில்லை. எப்படி இருந்தோம் என்று நான் சொல்லி முடித்த பிறகு அச்சடிப்பதா கிழித்துப் போடுவதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு திருவொற்றியூரில், எண்ணூர் போகும் பெரிய ரோட்டைப் பார்த்து இருந்தது. முன்பக்கம் வீட்டுக்காரம்மா குடியிருந்த ஓட்டு வீடு. பக்கவாட்டில் ஒரு ஆள் போகிற அகலத்துக்கு ஒரு நடை. அதில் நுழைந்து போனால் நீளமான வாசல், ஓரமாக வரிசையாகப் போர்ஷன்கள். போர்ஷன் என்றால் ஒரு ரூம், அதற்குள்ளேயே அடுப்பு, மேலே சிமெண்ட் ஷீட்டு. நடுவில் ஒரு அடிபம்பு. அதில் வரும் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் உப்பு வெள்ளையாக ஒட்டியிருக்கும். காற்று கடலிலிருந்து அடித்தால் கருவாட்டு வாசனை. தொழிற்சாலைப் பக்கமிருந்து அடித்தால் மூக்கைத் துளைக்கிற ஒரு காரம் வரும், கண்ணில் தண்ணீர் வரும். எங்கள் வீட்டில் யார் அழுதாலும் காற்றுதான் என்று சொல்லிவிடலாம், அந்த வசதி ஒன்று இருந்தது.

முதல் போர்ஷனில் மளிகைக்கடை அண்ணாச்சி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அடுத்ததில் சர்ச் ஆன்ட்டி. அவள் புருஷன் துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார், அதனால் எங்களுக்கு அவர் வின்ச் மாமா. மூன்றாவதில் பாய். பழைய கோணிச் சாக்கு வாங்கி ஒட்டுப்போட்டுத் தைத்து விற்பார். பள்ளிவாசல் ஆட்களில் யாராவது மவுத்தானால் மய்யித்தை, அதாவது செத்த உடம்பை, குளிப்பாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். கடைசியில், கக்கூசை ஒட்டி, நாங்கள். நைனா, அம்மா, நான். ரம்ஜானுக்குக் கஞ்சி வரும், கிறிஸ்துமசுக்குக் கல்கல் வரும், பொங்கலுக்கு நாங்கள் கொடுப்போம், அண்ணாச்சி வீட்டிலிருந்து பனங்கிழங்கு வரும். பேரப்பிள்ளைகளிடம் அளந்துவிடுவதற்கு வேண்டிய சரக்கெல்லாம் அந்த வாசலில் இருந்தது.

நைனா துறைமுகத்தில் கரி இறக்குகிறவர். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் காது மடலுக்குப் பின்னால் கறுப்பு இருக்கும். நான் அதை ஈரத்துணியால் துடைத்துத் துணியைக் காட்டுவேன், அவர் சிரிப்பார். பிறகு அந்தக் கறுப்பு உள்ளேயும் போயிருக்கிறது என்று தெரிந்தது. இருமினால் எனாமல் கோப்பையில் கறுப்பாக விழும். அந்தக் கோப்பை நீல விளிம்பு வைத்தது, அம்மா கல்யாணத்துக்கு வந்தது, அதில்தான் முதலில் எனக்குப் பால்சோறு ஊட்டினாளாம். பெரியாஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்து, ஒரு நாள் இனிமேல் இங்கே செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். யாருடைய வீட்டில் என்று டாக்டர் சொல்லவில்லை.

வீட்டுக்காரம்மாவின் மகள் அப்போது வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கை நிறைய கண்ணாடி வளையலுடன் வாசலுக்கு வந்து வெயில் காய்வாள். அவளுக்கு ஏற்கனவே ஒரு கரு தங்காமல் போயிருந்தது. அதனால் அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பயம். எலுமிச்சம்பழம் கட்டினார்கள், பூனையை விரட்டினார்கள். நைனாவை ரிக்ஷாவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கியபோது வீட்டுக்காரம்மா மகளை உள்ளே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

ரெண்டு மூன்று நாள் கழித்து அம்மாவை முன்வீட்டுக்குக் கூப்பிட்டாள். நானும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன். சுவரில் நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது, அதில் என்ன நட்சத்திரம் என்று போட்டிருக்கும். அடைப்பு என்று உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவிட்டத்திலிருந்து ரேவதி வரை மாதத்தில் ஐந்து நட்சத்திரம் வரிசையாக வரும். அதில் ஒரு உயிர் போனால் அந்த வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும். பூட்டாமல் இருந்தால் வீட்டில் இன்னொரு உயிர் போகும். இதுதான் கணக்கு. நம் பக்கத்தில் பலர் அந்த ரூமை மட்டும் பூட்டுவார்கள். வீட்டுக்காரம்மாவுக்கோ மொத்த மனையும் ஒரே வாசல், ஒரே வீடு.

"தங்கச்சி, நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரி இல்ல. உன் புருஷன் நல்லாகட்டும். ஆனா அந்த அஞ்சு நாள்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா வூட்டையே பூட்டணும். புள்ளத்தாச்சிப் பொண்ண நான் எங்க இட்டுகினு போவேன்? இதோ இவுங்கல்லாம் எங்க போவாங்க?" என்றாள்.

அந்த அஞ்சு நாள் மட்டும் நைனாவை வெளியே ரோட்டோரம் கட்டிலில் வைக்க வேண்டும் என்றாள். மற்ற நாளில் உள்ளே வைத்துக்கொள், நான் எதுவும் கேட்க மாட்டேன் என்றாள். வெளியே இருக்கும்போது ஏதாவது ஆனால் அங்கிருந்தே தூக்கிவிட வேண்டும், அந்த நட்சத்திரத்தில் போன உடம்பு வாசப்படி தாண்டக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கும் அடைப்பில் நம்பிக்கை உண்டு, அதுதான் கஷ்டம். நம்பாதவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

வேறு வீடு பார்த்தோம். பார்க்காமல் இல்லை. அம்மா எனக்கு எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, பள்ளிக்கூடத்துப் பாவாடை சட்டை போட்டு, கூடவே இழுத்துக்கொண்டு போவாள். பிள்ளை சுத்தமாக இருந்தால் வீடு கொடுப்பார்கள் என்று ஒரு நினைப்பு. காலடிப்பேட்டையில் ஒரு வீட்டில் எந்த ஆட்கள் என்று முதலில் கேட்டார்கள். இன்னொரு வீட்டில் மாட்டுக்கறி சாப்பிடுவீர்களா என்று கேட்டார்கள். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் எதையும் கேட்காமல் ரூமைத் திறந்து காட்டினார், ஜன்னல்கூட இருந்தது, அம்மா முகத்தில் நான் ரொம்ப நாள் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன். வீட்டில் உடம்புக்கு முடியாதவர் யாராவது உண்டா என்று கடைசியாகக் கேட்டார். அம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. கிழவர் மெதுவாகச் சாவியை ஜேபியில் போட்டுக்கொண்டு எனக்கு ஒரு பிஸ்கெட் கொடுத்தார்.

நாங்கள் அலைந்து திரும்பும் நேரத்தில் வாசலில் எல்லோரும் கூடிப் பேசிவிட்டிருந்தார்கள். சொன்னேனே ஒற்றுமை, அது அன்றைக்குத்தான் முழுசாக வந்தது. குழாயடிச் சண்டையில் ஒரு வருஷமாகப் பேசாமல் இருந்த சர்ச் ஆன்ட்டியும் அண்ணாச்சி சம்சாரமும் ஒரே படியில் உட்கார்ந்திருந்தார்கள். சர்ச் ஆன்ட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு நட்சத்திரத்திலெல்லாம் நம்பிக்கை இல்லை, கர்த்தர் இருக்கிறார், ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டால் மூன்று பிள்ளைகளோடு நான் எங்கே போவேன், நீயே சொல் என்றாள். அண்ணாச்சி கடை பக்கத்திலேயே இருக்கிறது, வேறெங்கும் போய் அவரால் பிழைக்க முடியாது. பாய் தலையைக் குனிந்து ஊசியில் சணல் கோத்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சிதான் முடித்து வைத்தார். "யம்மா, அஞ்சு நாளுதானே. காத்தோட்டமா இருக்கும்லா அவருக்கும். நாங்க நாலு பேரு சேந்து தூக்கி வைக்கோம். நீ ஒண்ணும் கவலப்படாத."

நல்லவர்கள்தான். அதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கெட்டவர்கள் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு காலம் வயிறு எரிந்திருக்காது.

புரட்டாசியில் முதல் முறை வைத்தார்கள். கயிற்றுக் கட்டிலின் தலைமாட்டை வின்ச் மாமாவும் அண்ணாச்சியும் பிடித்தார்கள், கால்மாட்டில் ஒரு பக்கம் பாய். நாலாவது ஆள் கிடைக்கவில்லை, அம்மா பிடித்தாள். நடை குறுகல், கட்டில் சுவரில் இடித்தது. நாலு பேர் தூக்கிப் போகிற கட்டிலில் படுத்தபடி நைனா மேலே பார்த்துக்கொண்டு போனார்.

"இன்னா பாய், ஒத்திகையா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை, அவரே சிரித்து இருமினார்.

ரோட்டோரம் மதில் சுவரை ஒட்டிக் கட்டிலைப் போட்டு, மேலே தார்ப்பாய் கட்டினார்கள். தார்ப்பாய் வீட்டுக்காரம்மா கொடுத்தது. கொசுவத்தியும் கொடுத்தாள். காலையில் காப்பி அனுப்புவாள், அலுமினிய டம்ளரில், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி. முதல் முறை நைனாவுக்கு அது அவ்வளவு மோசமாக இல்லை. ரோட்டில் போகும் லாரியை எல்லாம் பார்த்து எது துறைமுகத்திலிருந்து வருகிறது, எது கரி, எது உரம் என்று எனக்குச் சொல்வார். கூட வேலை செய்தவர்கள் லாரியிலிருந்து கையாட்டுவார்கள். சிலர் இறங்கி வந்து பீடி நீட்டுவார்கள், அம்மா விரட்டுவாள். லாரி போன பிறகு அவர் முகத்தில் புழுதி படிந்திருக்கும், நான் துடைப்பேன்.

தெருப் பிள்ளைகளுக்கு இது புது விளையாட்டாகிவிட்டது. நாலு பேர் ஒரு பலகையைத் தூக்குவார்கள், ஒருத்தர் அதில் படுத்துக்கொண்டு இரும வேண்டும். சுவர் வரைக்கும் கொண்டுபோய் இறக்கி, ரேவதி முடிஞ்சிடுச்சு என்று கத்தித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நான்தான் எப்போதும் நைனா. இருமல் எனக்குத்தான் அசலாக வரும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் பெருமை. ஒரு நாள் அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் நின்று பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். உள்ளே போய், குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

ஐப்பசியில் மழை. கட்டிலைத் தூக்க வந்தபோது நைனா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பிடித்து நிறுத்தும் அளவுக்குக் கையில் வலு ஏது? வின்ச் மாமா ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார், பாசமாகத்தான். தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தேங்கித் தேங்கி ஒரு பக்கமாக ஊற்றும். லாரி சக்கரம் சேற்றை வாரிப் போர்வையில் அடிக்கும். அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரத்தில் உட்கார்ந்தே இருந்தாள். மழை வலுத்த ஒரு மத்தியானம் அவள் முன்வீட்டுக்குப் போய், இன்றைக்கு மட்டும் நடைக்குள்ளேயாவது வைத்துக்கொள்கிறேன், ரூமுக்குக்கூட வேண்டாம் என்று கெஞ்சினாள். வீட்டுக்காரம்மா மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, அந்த வயிற்றின் மேல் தன் கையை வைத்தாள். அம்மா திரும்பி வந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் நைனா அதைச் சொன்னார். குரல் ரொம்ப இறங்கிவிட்டிருந்தது, அம்மா காதை வைத்துக் கேட்டாள், நான் அவர் கால்மாட்டில் இருந்தேன்.

"ரோட்ல வுட்டுடாத என்னை. ஆர்பர்ல நான் பாத்துகீறேன், ரோட்ல செத்தவன கோணியப் போட்டு மூடி அப்டியே வண்டில ஏத்துவாங்க, வூடு வாசல் இல்லாதவன்னு. எனக்கு வூடு கீது. உள்ளார இட்டுகினு போய் அங்கேருந்து அனுப்பு."

அம்மா சரி என்று அவர் தலையில் கைவைத்துச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். வேறு எதையும் அவர் எங்களிடம் கேட்டதில்லை. நல்ல சட்டைகூடக் கேட்டதில்லை.

அந்த முறை ரேவதி முடிந்து உள்ளே வந்த பிறகு நெஞ்சில் சளி அடைத்துக்கொண்டது. சாப்பாடு இறங்கவில்லை. வாசலில் எல்லோரும் வந்து வந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த அவிட்டம் என்றைக்கு? அதற்குள் ஏதாவது ஆனால் எல்லோருக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. சர்ச் ஆன்ட்டி அவருக்காக ஜெபம் பண்ணினாள். என்ன கேட்டு ஜெபம் பண்ணினாள் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

கார்த்திகையில் அவிட்டம் வந்தது. தூக்கினார்கள். அவருக்கு அப்போது கனமே இல்லை. நாலு நாள் கடந்தது. ரேவதி அன்று காலையில் வீட்டுக்காரம்மா படியில் நின்று, சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தோடு முடிகிறது, அதற்கப்புறம் உள்ளே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல வெயில். அம்மா கஞ்சி காய்ச்ச உள்ளே போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி கடையில் பொட்டலம் மடிக்கிற பழைய பேப்பர். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும், அவருக்கு அதுவும் வராது, அதனால் என் படிப்பு அவருக்குப் பெரிய படிப்பு.

ஒரு ஈ வந்து அவர் உதட்டில் உட்கார்ந்தது. ஊதிவிடுவார் என்று பார்த்தேன். ஊதவில்லை. நான் கையால் விரட்டினேன், அது சுற்றிவந்து அதே இடத்தில் உட்கார்ந்தது.

அம்மா கஞ்சியோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். மூக்குக்குக் கீழே விரலை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். ரோட்டின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் அவர் வாயோரம் துடைத்தாள், கண் இமையைத் தடவிவிட்டாள், கைகளை நேராக எடுத்துப் போர்வைக்குள் வைத்து, தலையை மதில் பக்கமாகத் திருப்பி, போர்வையைக் காது வரை இழுத்துவிட்டாள். எல்லாம் குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி.

"படிச்சிகினே இரு. நிறுத்தாத. யார் வந்து கேட்டாலும் தூங்கறாருன்னு சொல்லு" என்றாள் என்னிடம். "அழுவாத. அழுதின்னா இங்கியே தூக்கிடுவாங்க."

படித்தேன். வெயில் மதிலிலிருந்து இறங்கி ரோட்டுக்குப் போய், ரோட்டைத் தாண்டுகிற வரைக்கும் படித்தேன். நெல் விலை படித்தேன், காணவில்லை விளம்பரம் படித்தேன், எந்தக் கொட்டகையில் என்ன படம் என்று படித்தேன். ஒரு பக்கம் முடிந்தால் அதையே மறுபடி படித்தேன். ஒரு கையால் பேப்பர், ஒரு கையால் ஈ. சர்ச் ஆன்ட்டி பாலில் ஊறவைத்த ரொட்டி கொண்டுவந்தாள், தூங்குகிறார் என்றேன், எழுந்ததும் கொடு என்று வைத்துவிட்டுப் போனாள். விளையாடுகிற பிள்ளைகள் வந்து கூப்பிட்டார்கள், வரவில்லை என்றேன். லாரியிலிருந்து யாரோ கையாட்டினார்கள், நைனாவுக்குப் பதிலாக நான் ஆட்டினேன். அம்மா கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவருக்கும் ரோட்டுக்கும் நடுவில் தன் முதுகை வைத்துக்கொண்டு, நடுநடுவே அவரிடம் பேசினாள். இன்னும் கொஞ்சம் நேரம்தான்யா, கொஞ்சம் பொறுத்துக்கோ என்றாள். எனக்குப் பத்து வயசு. பயமாக இருந்தது, அதைவிட வாய் வலித்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் மூன்று பேரும் வந்தார்கள். அம்மா இந்த முறை கால்மாட்டுக்குப் போகவில்லை, தலைமாட்டைத் தான் பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள். வின்ச் மாமா அவளுக்கு எதிர்ப்பக்கம், அண்ணாச்சியும் பாயும் கால்மாட்டில். தூக்குவதற்கு முன்னால் பாய் போர்வையைச் சரிபண்ணக் குனிந்து நைனாவின் பாதத்தைத் தொட்டார். தொட்ட கையை அவர் எடுக்கவில்லை. எத்தனையோ மய்யித்தைக் குளிப்பாட்டிய கை அது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், கையைக் கூப்பவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. படியில் வீட்டுக்காரம்மா விளக்கோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அசந்து தூங்கறாரு. ஆட்டாம தூக்குங்க" என்றார் பாய்.

தூக்கினார்கள். வீட்டுக்காரம்மாவைத் தாண்டி, நடையில் இடிக்காமல், அடிபம்பைச் சுற்றி, ரூமுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். எவ்வளவு இளைத்துவிட்டார் பாவம் என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. எல்லோரும் போன பிறகு அம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். விளக்கை ஏற்றினாள். ஒரு சொம்புத் தண்ணீரால் அவர் முகத்தைக் கழுவினாள், காது மடலுக்குப் பின்னால் தேய்த்தாள், தலை சீவினாள். வந்துட்டோம்யா, நம்ம வூடுதான் என்றாள். பிறகு என்னை மடியில் இழுத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

கதவைத் திறந்ததும் வீட்டுக்காரம்மா கேட்ட முதல் கேள்வி எப்போ என்பதுதான். இப்போதான், ரெண்டு வாய் தண்ணி குடிச்சிட்டு என்றாள் அம்மா. ரேவதி முடிந்து அசுவினி பிறந்துவிட்டது என்று வாசல் முழுக்கச் சொல்லிக்கொண்டார்கள். புண்ணியவான், நாள் பார்த்துப் போயிருக்கிறார், யாருக்கும் ஒரு தொந்தரவு வைக்கவில்லை என்றாள் வீட்டுக்காரம்மா, நெஞ்சார. சர்ச் ஆன்ட்டி கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். மறுநாள் சாவு மேளம் வைத்து, அண்ணாச்சி செலவில் பூப்பல்லக்கு கட்டி, ராஜா மாதிரி அனுப்பினார்கள். அத்தனை சந்தோஷமான சாவை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. பாய் மட்டும் ஒதுங்கி நின்றார். பிறகு ஒருநாளும் அவர் அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அம்மா அழுதது அந்த ஒரு நாளோடு சரி. அதற்கப்புறம் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடைப்பில் போன உடம்பை வாசப்படி தாண்டிக் கொண்டுவந்திருக்கிறாள், வீட்டைப் பூட்டவும் இல்லை. இன்னொரு உயிர் போகும் என்று அவள் நம்பினாள். படுத்திருக்கும் என் நெஞ்சில் கைவைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். எனக்கு அடுத்து முன்வீட்டுப் பிள்ளைத்தாச்சிக்காகப் பயந்தாள். அவள் வாளியைத் தொட்டால் அம்மா ஓடிப்போய் வாங்கிக்கொள்வாள். படியில் எண்ணெய் சிந்தியிருக்கிறதா என்று பார்த்துத் துடைப்பாள். குழந்தை உள்ளே அசைகிறதா என்று தினம் கேட்பாள். புருஷனை இழந்தவளுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று எல்லோரும் மெச்சினார்கள். செய்தது தப்பு என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நான்தான்டி கொன்னவ என்று என்னிடம் சொல்வாள். பத்து வயசுப் பெண்ணிடம் வேறு யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்வாள்.

மார்கழியில் ஒரு நாள் காலையில் அந்தப் பெண்ணுக்கு வலி எடுத்தது. நர்சம்மா வந்து முன்ரூமுக்குள் போனாள். வாசலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். அம்மா அடிபம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வாளி நிரம்பி வழிந்து அவள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது, கை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. வெகு நேரம் கழித்து உள்ளேயிருந்து குழந்தை அழுதது. கனமான அழுகை, தெருவுக்கே கேட்டிருக்கும். சர்ச் ஆன்ட்டி கைதட்டினாள். நான் அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன், இனிமேல் அவள் பயப்பட வேண்டாமே என்று.

அம்மா சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் நின்றாள். எனக்கு அது அப்போது புரியவில்லை, இந்த வயசில் நன்றாகப் புரிகிறது. எந்த நட்சத்திரத்தில் போன உயிர் அந்த வீட்டுக்குள் வந்து கிடந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். வந்து கிடந்தும் ஒரு துரும்பு அசையவில்லை. குழந்தை கொழுகொழுவென்று பிறந்திருக்கிறது. அப்படியென்றால் நைனா புழுதியில் கிடந்தது, மழையில் கிடந்தது, விரல் விரலாகப் பிரித்து எடுத்துத் தூக்கிப்போனது, வெயிலில் மதிலைப் பார்த்துக்கொண்டு செத்தது, அவ்வளவும் எதற்குமே இல்லை. தானும் சேர்ந்து கட்டிலின் ஒரு மூலையைப் பிடித்தாளே, அதுவும் எதற்குமே இல்லை.

வீட்டுக்காரம்மா சர்க்கரைத் தட்டோடு வெளியே வந்தாள். யாருக்கும் கொடுக்கும் முன்னால் நேராக அம்மாவிடம் வந்து ஈரக்கையை இழுத்து உள்ளங்கையில் ஒரு குத்து சர்க்கரையை வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர். ஆம்பளைப் பிள்ளை, ஒரு குறையும் இல்லை என்றாள்.

"உன் புருஷன நான் வெளிய வெச்சப்ப மனசுல என்னைத் திட்டியிருப்ப. எதுக்கு வெச்சேன்னு இப்போ புரியுதா தங்கச்சி?"

ஈரத்தில் சர்க்கரை கரைந்து அம்மாவின் மணிக்கட்டில் வழிந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டாள்.

"புரியுதுக்கா" என்றாள்.